சின்னத் துணிக்கடைக்கு இன்ஷூரன்ஸ்: வீட்டுப் பாலிசியே போதுமா?

2023 செப்டம்பர் 18, காலை (கேள்வி)

குரோம்பேட்டையில் வீட்டு முன்னறையில் குர்தி, நைட்டி, லெக்கின்ஸ் விற்க ஆரம்பிக்கிறேன். ஈரோட்டிலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் சரக்கு எடுப்பேன். முதல் நான்கு லட்சம். போகப்போக பிளவுஸ் தைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்கு ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் கணவரின் நண்பர். இத்தனை சின்ன வியாபாரத்துக்குத் தனியாகப் பாலிசி எடுப்பது வீண் செலவு என்றுதான் எனக்கும் படுகிறது. எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செப்டம்பர் 18, இரவு

போதாது. வீட்டுப் பாலிசி வீட்டுச் சாமானுக்கு மட்டும்தான். உங்கள் பீரோவில் இருக்கும் சொந்த நைட்டிக்குப் பணம் வரும், பக்கத்து அலமாரியில் விற்க அடுக்கிய நாற்பது நைட்டிக்கு வராது. வீட்டில் கடை நடப்பதை அவர்களிடம் சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஒரு தீ விபத்து என்றால் வீட்டுக்கான கிளைமிலேயே ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

நான் மடிப்பாக்கத்தில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பதினாலுக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ரெடிமேட், பின்னால் மூன்று தையல் மெஷின், ஒரு ஓவர்லாக். உங்களுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், மாடித் தொட்டி உடைவது இதெல்லாம் சேர்ந்தது. 2021 ஏப்ரலிலிருந்து சின்ன வியாபாரத்துக்கு எல்லா கம்பெனியிலும் ஒரே மாதிரி ஒரு பாலிசி இருக்கிறது, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஒரே இடத்தில் இருப்பதன் மொத்த மதிப்பு 5 கோடி வரைக்கும் அதுதான். நமக்கெல்லாம் அந்தக் கூரை ரொம்ப உயரம். இரண்டாவது, ஷட்டரை உடைத்துத் திருடுவதற்கு. அது தனி. இரண்டையும் சேர்த்து, கண்ணாடி, கடைப் பலகை, கல்லாப் பணம் வரைக்கும் கட்டித் தரும் கடைக்காரர் பாலிசியும் உண்டு. என்னுடையது ஸ்டாக் 8 லட்சம், மெஷினும் ரேக்கும் ஒன்றரை லட்சம், திருட்டும் சேர்த்து, 18 சதவீத ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு மூவாயிரத்து நானூறு. நாளைக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

கடைக்குள் இருக்கிற துணி எல்லாமே ஸ்டாக் கணக்கில் வந்துவிடும், அதனால் பெரிதாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய பாலிசி காலத்தில் வெள்ளத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையும். தெரிந்த ஒருவர் அப்படிச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு 2015 டிசம்பரில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் அந்த வருடமே தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது, அதனால் எனக்கு வெள்ளப் பயம் கிடையாது.

செப்டம்பர் 19

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு. நீங்கள் 'நாலு லட்சம்' என்றது வாங்கிய விலையா, விற்கும் விலையா? வாங்கிய விலையும் லாரி வாடகையும்தான் கணக்கு. 280க்கு வாங்கி 450 என்று டேக் போட்ட குர்தி இன்ஷூரன்ஸ்காரருக்கு 280தான்.

அதுக்காகக் குறைத்தும் எழுதக்கூடாது. கடையில் இருப்பது 10 லட்சத்துச் சரக்கு, பாலிசி 6 லட்சத்துக்கு, சேதம் 2 லட்சம் என்றால், 'ஆறு லட்சத்துக்குள்தானே சேதம்' என்று முழுசாகத் தரமாட்டார்கள். பத்தில் ஆறு பங்கு, 1 லட்சத்து 20 ஆயிரம்தான். மீதிக்கு நீங்களே இன்ஷூரன்ஸ் கம்பெனி. இந்தப் புது சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள், அது ஒரு நல்ல காரியம். தீபாவளிக்கு முன்னால் சரக்கு இரட்டிப்பாகும், அந்த மாதத்தை மனதில் வைத்துத் தொகை போடுங்கள்.

செப்டம்பர் 27

ஈரோட்டுச் சரக்கு என்றீர்களே, இதையும் கேளுங்கள். மூன்று வருடம் முன்னால் செவ்வாய்ச் சந்தையில் எடுத்த ஒரு பண்டில், 42 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு, லாரி ஆபீஸில் போட்டது வந்து சேரவேயில்லை. எந்த லாரி ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, இன்னும் அங்கேதான் போடுகிறேன். போய்ச் சண்டை போட்டால் எல்ஆர் (லாரி ரசீது) பின்பக்கத்தைக் காட்டினார்கள். 2007ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, சரக்கின் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் லாரிக்காரரின் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கோடு சரி. வாடகை 350. பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதையும் எட்டு மாதம் நடந்து வாங்கினேன்.

வழியில் போகிற சரக்குக்குத் தனிப் பாலிசி உண்டு, தரை வழியில் போனாலும் அதற்குப் பெயர் மரைன். கடல் எங்கே வந்தது என்று ஏஜென்டைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. மாதம் ஒரு பண்டில் எடுக்கிற நமக்கு அது தேவையா என்றால், நான் இன்றுவரை எடுக்கவில்லை. பெரிய பண்டிலை இரண்டாகப் பிரித்து வேறு வேறு நாளில் போடுகிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சோம்பேறித்தனம்தான்.

அக்டோபர் 11

கேட்டிருந்தீர்கள், கடைக்கு வந்தவர்களே பைக்குள் போட்டுக்கொண்டு போனால்? அதற்கு ஒன்றும் வராது. திருட்டுப் பாலிசியில் பூட்டையோ ஷட்டரையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தாக வேண்டும். 2004இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நவராத்திரிக் கூட்டத்தில் எனக்கு வருடா வருடம் நாலைந்து துப்பட்டா காணாமல் போகும். அம்பாளுக்குச் சாத்தியதாக நினைத்துக்கொள்வேன்.

எலி, கரையான், பூச்சி, சுவர் ஓதத்தில் வந்த கறை, இதற்கும் கிடையாது.

அக்டோபர் 30

முத்ரா லோன் எடுக்கப் போவதாகச் சொன்னதால் இது. வங்கி அடமானமாக ஸ்டாக்கைக் காட்டச் சொல்லும், அதற்கு இன்ஷூரன்ஸையும் அவர்களே போட்டு நம் கணக்கிலிருந்து பிரீமியத்தை எடுத்துக்கொள்வார்கள். நல்லதுதானே என்று நானும் நான்கு வருடம் சும்மா இருந்தேன். ஒரு நாள் காப்பி கேட்டு வாங்கிப் பார்த்தால், விலாசம் என் பழைய வாடகை வீடு, சரக்கு என்ற இடத்தில் 'மளிகைப் பொருட்கள்'. அந்த நான்கு வருடமும் மடிப்பாக்கத்துத் துணிக்கு நான் கட்டியதாக நினைத்த பணம், நங்கநல்லூரில் இல்லாத துவரம்பருப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இப்போது நானே எடுத்து வங்கிக்குக் காப்பி கொடுக்கிறேன். பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், அதை எடுக்க விடமாட்டார்கள். பிரீமியம் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாலிசி உயிர் பெறும், சட்டமே அப்படி. ஏஜென்ட் 'நான் கட்டிடறேன் மேடம், தீபாவளி கழிச்சுக் குடுங்க' என்றால் கேட்காதீர்கள்.

டிசம்பர் 8

கரன்ட் நேற்றுத்தான் வந்தது. வாசற்படி என்று எழுதினேன் இல்லையா. மிக்ஜாம் புயல் மழை ஞாயிறு இரவு ஆரம்பித்தது, திங்கள் காலை கடைக்குள் இரண்டடி தண்ணீர். புதன்கிழமைதான் ஷட்டரைத் தூக்க முடிந்தது. கீழ் இரண்டு தட்டும் போச்சு. மெஷின் மோட்டார் மூன்றும் போச்சு. பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 11

கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. யாருக்காவது பயன்படும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திங்கள்கிழமையே பக்கத்து மாடியிலிருந்து தண்ணீரைப் படம் எடுத்து ஏஜென்டுக்கும் கம்பெனி மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன். புதன்கிழமை கடையைத் திறந்ததும் எல்லோரும் சொன்னது, வழித்து வெளியே போடு, நாற்றம் தாங்கவில்லை. ஏஜென்ட் ஒருவர்தான் 'ஒரு துண்டுகூடக் கழிக்காதீங்க, சர்வேயர் வந்து எண்ணணும்' என்றார். சர்வேயர் என்றால் சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புகிறவர். அதற்காகச் சேற்றோடு குவித்து வைத்தால் நல்லதும் கெட்டுப்போகும், காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவதும் நம் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. எனவே மொட்டை மாடியில் கொடி கட்டி அலசிக் காயப்போட்டேன். முந்நூற்றுச் சொச்சம் நைட்டி ஒரே மாடியில். கப்பலுக்குக் கொடி கட்டியது போல இருந்தது, தெருவே வேடிக்கை பார்த்தது.

சர்வேயர் நேற்று வந்தார். தகவல் கொடுத்துக் குறித்த கெடுவுக்குள் நியமிக்க வேண்டும் என்பது விதி, ஊரே மூழ்கியதில் கொஞ்சம் தள்ளிப்போனது, நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கொள்முதல் பில் கேட்டார். பில் ஃபைல் எங்கே இருந்தது? கீழ் டிராயரில். அடை மாவு போல இருந்தது. ஆடிட்டர் பையன் ஜிஎஸ்டிஆர் 2பியை எடுத்துக் கொடுத்தான், விற்றவர்கள் ஏற்றிய பில் எல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது. உயிர் வந்தது.

ஆனால் சந்தையில் 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்' என்று வாங்கின சரக்கு எந்தத் தாளிலும் இல்லை. அப்படி 31 ஆயிரம் ரூபாய்க்கு இருந்தது. சர்வேயரிடம் வாய் திறக்கவே வெட்கமாகப் போய்விட்டது. மிச்சம் பிடித்தது ஆயிரத்து ஐந்நூறு இருக்கும்.

டிசம்பர் 20

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் இரண்டடியைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: படம் எடுங்கள், தகவலை எழுத்தில் கொடுங்கள், எதையும் குப்பையில் போடாதீர்கள், பழைய துணி வியாபாரிக்குக் கிலோ விலைக்குப் போடுவதாக இருந்தாலும் சர்வேயரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2024 ஜனவரி 6

செப்டம்பர் 18 அன்று எழுதியதில் ஒரு வரியை அடிக்க வேண்டும். 'கடைக்குள் இருக்கிற துணி எல்லாமே ஸ்டாக் கணக்கில் வந்துவிடும்' என்றேன். தப்பு. பெரிய தப்பு.

தைக்க வந்த துணி 41 உருப்படி இருந்தது. பெரும்பாலும் பிளவுஸ் பிட்டு, ஃபால்ஸ் அடிக்கவும் குச்சு கட்டவும் வந்த புடவை பதினொன்று, அதில் பட்டு ஆறு. நான் சர்வேயரிடம் அதையும் பட்டியலில் கொடுத்தேன். 'இது உங்க சரக்கு இல்லையே மேடம்' என்றார். அடுத்தவர் பொருளை நாம் பொறுப்பேற்று வைத்திருந்தால் அதைப் பாலிசியில் தனியாகச் சொல்லி, தனித் தொகை போட்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் இல்லை. வாசகம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது, பதினோரு வருடமாக நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியதில்லை. ஏஜென்டும் கேட்டதில்லை. அவர் பார்த்தது முன்னால் தொங்குகிற ரெடிமேடை மட்டும்தான்.

பிளவுஸ் பிட்டுகளுக்குப் புதுசு எடுத்துக் கொடுத்தேன். மூன்று பட்டுக்குப் பாதி விலை பேசி முடிந்தது. இன்னும் இரண்டில் பழுது பெரிதாகத் தெரியவில்லை, அவர்களே பரவாயில்லை என்று விட்டார்கள். ஒன்று மட்டும் முடியவில்லை. சந்தன நிறத்தில் அரக்குக் கரை, அந்த அம்மாவுக்கு அவருடைய பாட்டி கொடுத்தது, தை மாதம் மகள் கல்யாணத்துக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்தார். அரக்குச் சாயம் இறங்கி உடம்பெல்லாம் பரவிவிட்டது. பாலிஷ் போடுகிறவரிடம் காட்டினேன், தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு தரட்டும் என்று கேட்டதற்கு அந்த அம்மா, 'எவ்வளவுன்னு நான் என்னன்னு சொல்றது' என்று புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

நீங்களும் பிளவுஸ் தைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். முதல் தையல் விழுவதற்கு முன்னால் இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு 'மெஷினுக்காவது தருவார்களா' என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள், வெள்ளத்தில் போனதால். அதே மோட்டார் சாதாரண நாளில் ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்தால் அந்த மோட்டாருக்கு வராது, அந்தத் தீ பரவிப் பக்கத்து ரேக் எரிந்தால் ரேக்குக்கு வரும்.

கடை 19 நாள் மூடியிருந்ததற்கு ஒன்றும் கிடையாது. கிறிஸ்துமஸ் வியாபாரம் போச்சு, பொங்கல் வியாபாரம் பாதி. கடை மூடியதால் போன லாபத்துக்குத் தனிப் பாலிசி உண்டு, அதிலும் நம் கடைக்கே சேதம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. 2017 மே 31இல் தி.நகர் உஸ்மான் ரோட்டில் தி சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்ததே, அப்போது அந்தப் பக்கம் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். சுற்றியிருந்த கடைகளில் சேதமே ஆகாதவற்றுக்கும் வியாபாரம் இல்லை. இதற்கெல்லாம் இரண்டு மாத வாடகையும் சம்பளமும் கையில் இருப்பதுதான் இன்ஷூரன்ஸ்.

ஜனவரி 28

வேலையாட்களைப் பற்றி. என்னிடம் மூன்று பேர். பத்துப் பேர் ஆனால் ஈஎஸ்ஐ, சம்பளம் 21 ஆயிரம் வரை உள்ளவர்களுக்கு, நம் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. பத்துக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள், ஈட்டுச் சட்டம் இருக்கிறது, வேலையில் அடிபட்டால் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். மாஸ்டருக்குப் போன வருடம் பவர் மெஷின் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கியது. மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டார், சம்பளமும் ஆஸ்பத்திரியும் நான். அதற்குப் பிறகுதான் தொழிலாளர் ஈட்டுப் பாலிசி எடுத்தேன். வங்கியில் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, மூன்று பேருக்கும் அதையும் போட்டுவிட்டேன். மாஸ்டர் 'இருபது ரூபாய்க்கு என் உசுரா' என்று சிரித்தார்.

பிப்ரவரி 14

ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு மட்டும் இது, மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

சர்வேயர் சேதக் கணக்கை வரி இல்லாத விலையில் போட்டிருந்தார். 'வரியைத்தான் நீங்க கிரெடிட் எடுத்துட்டீங்களே' என்பது அவர் வாதம், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டேன் என்று. கேட்பதற்குச் சரியாகவும் இருந்தது. ஆடிட்டர்தான் பிடித்தார். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும், சட்டத்தில் 17(5) என்கிற பிரிவில் இருக்கிறது. திருப்பிக் கட்டினால் அதுவும் என் நஷ்டம்தானே? திருப்பிக் கட்டியதற்கான தாளோடு ஒரு கடிதம் கொடுத்தோம், ஒத்துக்கொண்டார்கள். பதினோராயிரத்துச் சொச்சம். ஐந்து சதவீதச் சரக்குக்கே இவ்வளவு, விலை கூடிய ரெடிமேடுக்கு வரி விகிதமும் கூடுதல் என்பதால் அதை வைத்து விற்கிறவர்கள் கட்டாயம் கவனியுங்கள்.

மார்ச் 9

முடிந்தது. சேதம் 2 லட்சத்து 64 ஆயிரம். பில் இல்லாத 31 ஆயிரம் போச்சு. காயப்போட்ட நைட்டிகள் பாதி விலைக்காவது போகும் என்று சால்வேஜ் 15 சதவீதம் கழித்தார்கள். மோட்டார்கள் 18 ஆயிரத்து ஐந்நூறு, வரி, எல்லாம் கூட்டி எக்ஸஸ் (எந்தக் கிளைமிலும் நாமே தாங்க வேண்டிய பங்கு) கழித்து 2 லட்சத்து 17 ஆயிரத்தை ஒட்டி வந்தது. கடையின் மொத்த ஸ்டாக்கை 8 லட்சத்து 90 ஆயிரம் என்று மதிப்பிட்டார், பாலிசி 8 லட்சம். செப்டம்பர் 19 அன்று எழுதின அந்த 15 சதவீதம்தான் காப்பாற்றியது. பழைய பாலிசியாக இருந்தால் இதிலும் பத்தில் ஒரு பங்கு போயிருக்கும்.

பணம் என் கணக்குக்கு வரும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக லோன் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. வங்கியின் பெயர் பாலிசியில் இருக்கும் என்று எழுதினவளுக்கே மறந்துபோனது. மேனேஜரிடம் பேசி, பாக்கி 60 ஆயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியை விட்டார்.

மூன்று மாதம் ஆனதில் ஒரு கட்டத்தில் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாமா என்று யோசித்தேன். கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, தேனாம்பேட்டையில் அவர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, நம்மைப் போன்ற தனிநபர் கடைகளும் போகலாம், போன வருடம் வரம்பை 50 லட்சமாக்கிவிட்டார்கள். தேவைப்படவில்லை.

மே 22

ரின்யூவல் ஆச்சு. வாடிக்கையாளர் துணி என்று தனி வரி, 2 லட்சம். பிரீமியம் சில நூறு ரூபாய்தான் கூடியது, அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கீழ்த் தட்டை இரண்டரை அடி உயர்த்தி ரேக் மாற்றினேன், பட்டெல்லாம் மேல் தட்டில். பில்லை வாங்கின அன்றே ஃபோனில் படம் எடுத்துவிடுகிறேன்.

தைக்க வரும் துணிக்கு இப்போது ஒரு நோட்டு. பெயர், தேதி, என்ன துணி, சுமார் என்ன விலை. கடைசிக் கட்டத்தைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறேன். போன வாரம் ஒருவர் பட்டுப்புடவையைக் கையிலிருந்து விடாமலே கேட்டார்: 'எதுக்கும்மா விலை கேக்கற, வித்துடப் போறியா?'

மே 23

குரோம்பேட்டைக்காரர் தனிச் செய்தியில் பாலிசி அனுப்பியிருக்கிறார், நல்லது. விலாசத்தில் 'முதல் மாடி' என்று இருக்கிறது, முன்னறை என்றால் தரைத்தளம்தானே? இன்றைக்கே சொல்லித் திருத்துங்கள்.